குருவையா வந்து உட்கார்ந்த வீடுகள்

இரும்புக்கடை குருவையா செத்துப்போய், அவரை எரித்து, சாம்பலை ஆற்றில் கரைத்து, காரியத்துக்குப் போட்ட பந்தலைப் பிரித்து, வாடகைப் பாத்திரங்களை எண்ணித் திருப்பிக் கொடுத்து, வந்த சொந்தபந்தமெல்லாம் அவரவர் ஊருக்குப் பஸ் ஏறிப் போன பிறகு, ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் அவர் ரேஷன் கடை வேலுச்சாமியின் வீட்டு முன்னறையில் வந்து உட்கார்ந்திருந்தார். வெள்ளை வேட்டி, தோளில் பச்சைக்கரைத் துண்டு, எடுத்துப் போகும்போது நெற்றியில் ஒட்டிவைத்த ஒரு ரூபாய்க் காசு, எல்லாம் அப்படியே இருந்தது. பால் பாக்கெட்டோடு உள்ளே நுழைந்த வேலுச்சாமியின் மனைவி, "வாங்க அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டுப் போய்ப் பாலை அடுப்பில் ஏற்றிய பிறகுதான், இவருடைய காரியத்தில் தான் ரெண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டது அவளுக்கு ஞாபகம் வந்தது. அதற்குள் பால் பொங்கிவிட்டதால் காப்பியைப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள்.

அதே நேரத்தில் அவர் மருந்துக்கடை சிக்கந்தரின் வீட்டிலும், ரைஸ்மில் மாடியிலும், பஞ்சாயத்து ஆபீசுக்குப் பின்னால் இருந்த மூன்று ஓட்டு வீடுகளிலும் உட்கார்ந்திருந்தார் என்பது மதியத்துக்குள் ஆனைக்கரைப்பட்டி முழுக்கத் தெரிந்துபோனது. ஒரே ஆள் இத்தனை வீட்டில் எப்படி என்று யாரும் கேட்கவில்லை. இத்தனை வீட்டிலா அவரிடம் வாங்கியிருந்தார்கள் என்றுதான் கேட்டார்கள். ஏனென்றால் குருவையா கொடுத்த கடனுக்குச் சீட்டு கிடையாது, கையெழுத்து கிடையாது, சாட்சி கிடையாது. பத்திரம் எழுதுவது வக்கீலுக்குப் பிழைப்புக் கொடுக்கிற வேலை என்பார். வந்தவன் முகத்தைப் பார்ப்பார், கல்லாவைத் திறப்பார், கொடுப்பார். அதனால் அவர் செத்த அன்றைக்குப் பாடையைத் தூக்கியவர்களில் பாதிப்பேருக்குத் தோளில் பாரம் ஏறினாலும் நடை லேசாகத்தான் இருந்தது.

ஊர் அவரை என்ன செய்வது என்று கொஞ்ச நாள் யோசித்தது. பூசாரியைக் கூட்டிவந்து திருநீறு எறிந்தார்கள். குருவையா அதை வேட்டியிலிருந்து வழித்து நெற்றியில் காசுக்கு மேலே பூசிக்கொண்டார். விசாரிக்க வந்த ஏட்டையா, தன் வீட்டிலும் அவர் உட்கார்ந்திருப்பதாகச் சம்சாரம் போன் பண்ணியதும், விசாரணையை அத்தோடு நிறுத்திக்கொண்டார். கடைசியில் நாலைந்து பெரிய மனிதர்கள் அவருடைய மனைவி அங்கம்மாளிடம் போய் முறையிட்டார்கள். "உசுரோட இருந்தப்ப ராத்திரிச் சோத்துக்காவது வீட்டுக்கு வருவாரு. இப்ப அதுவும் இல்ல. நான் யார்கிட்டப் போயிச் சொல்ல?" என்றாள் அங்கம்மாள். வந்தவர்கள் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்பினார்கள்.

குருவையா எதையும் கேட்கவில்லை. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசவில்லை. கொடுத்த காப்பி டம்ளரில் குறையவில்லை, ஆனால் அப்புறம் எடுத்துக் குடித்துப் பார்த்தால் ருசியெல்லாம் போய் வெந்நீர் மாதிரி இருந்தது. மெல்ல மெல்ல ஊர் அவரோடு வாழப் பழகியது. மின்விசிறியை அவர் பக்கம் திருப்பி வைத்தார்கள். சீரியல் நேரத்தில் அவருக்கும் தெரிகிற மாதிரி டிவியைக் கொஞ்சம் நகர்த்தினார்கள். பிள்ளை பிறந்த வீட்டில் பிள்ளையைக் கொண்டுவந்து காட்டினார்கள். விருந்தாள் வந்தால் தூரத்துச் சொந்தம் என்று சொல்லிப் பார்த்தார்கள், நெற்றிக்காசு காட்டிக்கொடுத்துவிட்டது. கல்யாணத் தரகர்கள் மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிப்பதற்கு முன்னால் முன்னறையில் குருவையா இருக்கிறாரா என்று எட்டிப் பார்த்தார்கள். ஒரு செத்த மனிதர் எதிரில் உட்கார்ந்திருக்கையில் பிரியாணிப் பொட்டலத்தைப் பிரிக்கக் கை கூசியதால் பிரியாணிக் கடைக்காரர் அடுப்பைப் பாதியாகக் குறைத்தார். ஜவுளிக்கடையில் தீபாவளிச் சீட்டுச் சேர வந்தவர்கள் வாசல் வரை வந்து திரும்பினார்கள். சிலர் நகையை விற்றார்கள், சிலர் ஆட்டை விற்றார்கள், சிலர் சிகரெட்டை விட்டார்கள். ஒரு வீட்டின் கடைசிப் பணம் அங்கம்மாள் கையில் போய்ச் சேர்ந்த நேரத்தில் அந்த வீட்டில் குருவையா எழுந்து, துண்டை ஒரு உதறு உதறித் தோளில் போட்டு, கையெடுத்துக் கும்பிட்டு, வெயிலில் இறங்கிப் போனார். இத்தனை நாள் இருந்தவர் போகிறாரே என்று சிலர் வாசலில் நின்று அழவும் செய்தார்கள்.

தபாலாபீஸ் சந்தில் ஜெயக்கொடி வீட்டுக்கு அவர் வரவில்லை.

ஜெயக்கொடி இட்லி மாவு ஆட்டி விற்கிறவள். விடியுமுன் கிரைண்டர் ஓடும், வெயில் ஏறுவதற்குள் மாவு தூக்குவாளிகளிலும் பாக்கெட்டுகளிலும் வீடு வீடாகப் போய்விடும். அரிசிக்கடையில் இன்றுவரை அவள் பேரில் ஒரு வரி எழுதியது கிடையாது. கையில் இருந்தால் வாங்குவாள், இல்லையென்றால் அன்றைக்குக் கிரைண்டரைத் துடைத்து மூடிவைப்பாள். அவள் புருஷன் தெய்வேந்திரன் கேபிள் டிவி வசூலுக்குப் போகிறவன். ஊரில் அவன் ஏறாத படி இல்லை, அவனைப் பிடிக்காத ஆள் இல்லை. டீக்கடையில் யார் குடித்த டீயானாலும் "என் கணக்குல வையி" என்பான். திருவிழாவுக்கு மைக்செட், பந்து விளையாடுகிற பையன்களுக்குப் பனியன், யார் வீட்டுக் கல்யாணமானாலும் மொய்யில் முதல் பேர் அவனுடையது. இதெல்லாம் எங்கிருந்து வருகிறது என்று ஜெயக்கொடி கேட்டால், "கமிஷன் ஜெயா" என்பான். கேபிளில் அவ்வளவு கமிஷனா என்று அவள் தோண்டியதில்லை. அவளை ஊரில் இறுக்கமான கை என்று சொல்வார்கள். அது அவள் காதுக்கும் வந்திருந்தது. தாராளமாக ஒருவர் இருக்கிற வீட்டில் இறுக்கமாக ஒருவர் இருந்துதானே ஆகவேண்டும் என்று விட்டுவிட்டாள்.

அப்படிச் சொன்னாலும் ஊர் தன்மேல் பிரியமாக இருப்பதாகவே அவள் நம்பியிருந்தாள். தெருக்குழாயில் அவள் குடத்தை அவளைத் தூக்க விடமாட்டார்கள், யாராவது வந்து வாங்கிக்கொள்வார்கள். கோயில் பொங்கலுக்குப் போனால் புகையில் நிற்காதே என்று ஓரமாக உட்கார வைப்பார்கள். ஸ்டெல்லா டீச்சர் மாதம் தவறாமல் ரெண்டு மாதுளம்பழம் கொண்டுவந்து கொடுத்து, கையை ஒரு நிமிஷம் பிடித்துக்கொண்டு நிற்பார். பிள்ளை இல்லாத குறையை இந்த ஊர் தனக்குத் தெரியவிடாமல் பார்த்துக்கொள்கிறது என்று ஜெயக்கொடி சில நேரம் கிரைண்டருக்கு முன்னால் உட்கார்ந்து நினைத்துக்கொள்வாள். நினைத்தால் கண் கலங்கும். மாவு ருசி என்று நாலு தெரு தள்ளியிருந்தும் வாங்க வருகிறார்களே என்று ஒரு பெருமையும் வரும்.

ஆடி மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, உளுந்தைக் களைந்து நீரை வடித்துக்கொண்டு அவள் திரும்பியபோது குருவையா அவள் வீட்டில் மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். கண்ணாடிக்கு முன்னால் சவரம் செய்துகொண்டிருந்த தெய்வேந்திரனின் கை அப்படியே நின்றது. தாடையில் ஒரு சொட்டு ரத்தம் வந்து சோப்பு நுரையில் பரவியது.

"வீடு மாறி வந்துட்டாரு போல" என்றான்.

ஜெயக்கொடி நம்பினாள். பக்கத்து வீட்டுக்காரி வந்து எட்டிப் பார்த்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் சிரித்தபோது, அவளுக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. தெருவில் இறங்கி, எல்லோரும் பார்க்க, முனையிலிருந்த கருப்பசாமி கல்லுக்கு முன்னால் சூடம் ஏற்றி, இந்த வீட்டில் ஒருத்தருக்கும் சல்லிக்காசு பாக்கி இல்லை, என் புருஷன் யார்கிட்டேயும் கைநீட்டியவர் இல்லை என்று கையால் சூடத்தை அணைத்துச் சத்தியம் செய்தாள். சுற்றி நின்றவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அவர்கள் வெட்கப்பட்டுத் திருப்பிக்கொள்வதாக அவள் நினைத்தாள்.

வீட்டுக்குள் வந்து, கை இன்னும் சூடம் மணக்க, குருவையாவுக்கு எதிரில் நின்றாள். "அண்ணாச்சி, நீங்க வரவேண்டிய வீடு இது இல்ல. வெயில் தாழ எந்திரிச்சுப் போங்க" என்றாள்.

எந்த வீட்டிலும் வாயைத் திறக்காத குருவையா அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"உடம்பு தேவலையா தாயி?" என்றார்.

பெரிய மனிதர்கள் கேட்கிற வழக்கமான கேள்விதானே என்று, "நல்லாருக்கேன் அண்ணாச்சி" என்று சொல்லிவிட்டு மாவு ஆட்டப் போய்விட்டாள். மறுநாள் காலையிலும் அவர் இருந்தார். தெய்வேந்திரன் வசூலுக்குக் கிளம்பிப் போன பிறகு, "புண்ணு ஆறிருச்சா?" என்று கேட்டார்.

"எந்தப் புண்ணு?"

"ஆபரேசன் பண்ணுன புண்ணுதான்."

ஜெயக்கொடி கிரைண்டரை நிறுத்தினாள். "எனக்கு என்ன ஆபரேசன்?"

குருவையாவின் முகத்தில் ஒரு குழப்பம் வந்தது. துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். "உன் வீட்டுக்காரன் கடைக்கு வந்து என் ரெண்டு கையையும் பிடிச்சுக்கிட்டு அழுதான். கர்ப்பப்பையில கட்டி, மதுரையில பெரிய ஆஸ்பத்திரியில எடுத்தாத்தான் அவ பொழைப்பான்னு டாக்டர் சொல்லிட்டாரு, அவளுக்கு இன்னும் விசயம் தெரியாது, தெரிஞ்சா பயந்துருவா, நீங்களும் கேட்டுராதீங்க அண்ணாச்சின்னான். மறுவருசம் கட்டி திருப்பி வந்துருச்சுன்னு வந்தான். அதுக்கப்புறமும் வந்தான். நான் காசைக் கேட்டு இங்க வரல தாயி. பொழச்சியா இல்லையான்னு பாத்துட்டுப் போகத்தான் வந்தேன். இருந்தப்ப வந்து கேட்டிருந்தா கடனைக் கேக்குற மாதிரி இருந்திருக்கும்."

உளுந்து கிரைண்டரில் பாதியில் கிடந்தது. ஜெயக்கொடி தன் வயிற்றில் கையை வைத்துப் பார்த்தாள், அங்கே ஏதாவது தழும்பு இருக்கிறதா என்று பார்ப்பவள் போல. ஒன்றும் இல்லை. ஆனால் ஊர் முழுக்க அவள் வயிற்றில் அந்தத் தழும்பைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. குடத்தை வாங்கிக்கொண்ட கைகள், புகையிலிருந்து நகர்த்தி உட்காரவைத்தவர்கள், டீச்சரின் மாதுளம்பழம், பிடித்துக்கொண்டு நின்ற கை, எல்லாம் ஒவ்வொன்றாக வந்து அவள் முன்னால் நின்று, பிரியம் என்று அவள் வைத்திருந்த பேரைக் கழற்றிக் கீழே போட்டன. கடைசியாக மாவு வந்து நின்றது. சாகப்போகிறவள் கையால் ஆட்டுகிறாளே, வாங்குவோம் என்றுதான் நாலு தெரு தள்ளியிருந்து வந்திருக்கிறார்கள். அதைத்தான் அவளால் தாங்க முடியவில்லை. மூடியிருந்த வாளியைத் திறந்து, ஒரு விரல் மாவைத் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தாள். நன்றாக இருக்கிறதா இல்லையா என்று அவளுக்கே தெரியவில்லை.

மத்தியானம் தெய்வேந்திரன் சாப்பிட வந்தான். அவள் வழக்கம்போலச் சோறு போட்டாள், குழம்பு ஊற்றினாள், எதிரில் உட்கார்ந்தாள்.

"என்னங்க, எனக்குக் கர்ப்பப்பையில கட்டியாமே."

உருட்டிய சோறு தட்டிலேயே நின்றது. "யார் சொன்னா?"

"அண்ணாச்சி."

"செத்தவரு பேச்சைப் போயி..."

"செத்தவரு எதுக்குப் பொய் சொல்லணும்?"

நாற்காலியில் குருவையா தலையைக் குனிந்துகொண்டார். தெய்வேந்திரன் தட்டைத் தள்ளிவைத்தான். "மொதல்ல அவர்கிட்ட மட்டுந்தான் சொன்னேன்" என்றான். "அப்புறம் அவருக்கு அடைக்க இன்னொருத்தர்கிட்டச் சொல்ல வேண்டியதாப் போச்சு. அப்புறம் அது அதுவாப் பரவிருச்சு."

"வாங்குன காசெல்லாம் எங்க?"

"எங்கயும் இல்ல ஜெயா. குடிக்கல, சீட்டாடல, ஒரு பொருள் வாங்கல. சில்லறை சில்லறையாப் போயிருச்சு. நாலு பேரு முன்னாடி இல்லைன்னு சொல்ல எனக்கு வரல."

"எனக்கு வந்துச்சே. உங்களைக் கட்டுன நாள்லருந்து நான் இல்லைன்னுதான சொல்லிட்டிருக்கேன்."

"அதான் உன் பேரைச் சொன்னேன்" என்றான் அவன், கிட்டத்தட்டப் பெருமையாகச் சொல்வது போல. "எனக்குன்னு கேட்டா எப்பத் திருப்புவேன்னு கேட்டாங்க. உனக்குன்னு கேட்டா ஒருத்தரும் கேக்கல. அவ்வளவு மரியாதை உம்மேல."

ஜெயக்கொடி எழுந்தாள். அன்றைக்குவரை புருஷனை ஒருமையில் பேசாதவள், "கையைக் கழுவிட்டு எந்திரி" என்றாள். "எழுதி வாங்கல, வாயால வாங்குன. வாயாலயே போயிச் சொல்லு. ஒவ்வொரு வீடா. நானும் வாறேன்."

அன்றைக்குச் சாயங்காலத்திலிருந்து இருவரும் படி படியாக ஏறினார்கள். தெய்வேந்திரன் கேபிள் வசூலுக்கு ஏறிய அதே படிகள். ஒவ்வொரு வீட்டிலும் அவன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அவளுக்கு ஒண்ணும் இல்லீங்க, நான் பொய் சொல்லி வாங்கினேன், கொஞ்சம் கொஞ்சமாத் தந்துருவோம்" என்றான். மருந்துக்கடை சிக்கந்தர், தொழுகைக்குப் போகிறபோதெல்லாம் உனக்காகக் கேட்டேனேம்மா என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். ரைஸ்மில்காரர் சத்தம் போட்டார். சத்தம் போட்டது ஜெயக்கொடிக்கு நிம்மதியாக இருந்தது.

ஸ்டெல்லா டீச்சர் ரெண்டு பேரையும் உட்காரச் சொல்லி, முழுக்கக் கேட்டார். கேட்டு முடித்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "ஞாயித்துக்கிழமைப் பூசையில உங்க பேரைச் சொல்லிச் சொல்லி எனக்குப் பழகிப்போச்சு" என்றார். பிறகு ஜெயக்கொடியை மேலும் கீழும் பார்த்தார். "அப்ப இத்தனை வருசமும் நீங்க நல்லாத்தான் இருந்தீங்களா?"

"ஆமா டீச்சர். மன்னிச்சுக்குங்க" என்றாள் ஜெயக்கொடி. தெருவில் இறங்கி நாலு எட்டு வைத்த பிறகுதான், நல்லாயிருந்ததற்கு நான் எதற்கு மன்னிப்புக் கேட்டேன் என்று அவளுக்கு உறைத்தது.

பேருந்து நிலையத்தில் பூக்கட்டி விற்கிற பூரணத்தின் வீடு அவர்கள் போகவேண்டிய வீடுகளில் இல்லை. அவளிடம் கடன் வாங்கியிருக்க ஒன்றும் இல்லை. அவளே கூப்பிட்டாள். "அக்கா, காசு குடுத்தவங்ககிட்டதான் வந்து சொல்லுவீங்களாக்கும்" என்றாள். "நான் முடியைக் குடுத்தேன். உங்களுக்காகச் சமயபுரத்துல போயி இறக்கிட்டு வந்தேன். மொட்டைத் தலைய வச்சுக்கிட்டுத்தான் பூ வித்தேன், பூக்காரி தலையில பூ இல்லைன்னு சிரிச்சாங்க."

ஜெயக்கொடி புருஷன் பக்கம் திரும்பினாள். "இதை எப்படி அடைக்கப் போற?"

அவன் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றான். பூரணம் கட்டிக்கொண்டிருந்த சரத்தை முடிச்சிட்டு வாயால் நாரைக் கடித்து அறுத்தாள். "அடைக்க வேணாம்க்கா. பொய்னு மட்டும் என்கிட்டச் சொல்லிராதீங்க. நான் கேட்டேன், நீங்க பொழச்சீங்க. அப்படியே இருக்கட்டும்" என்றாள்.

அதற்கப்புறம் வந்த மாதங்களில் ஜெயக்கொடி பணத்தை வேறு மாதிரிப் பார்க்கக் கற்றுக்கொண்டாள், புருஷனையும் பார்க்க வைத்தாள். தவணையில் ஓடிய பைக்கை விற்றுத் தவணையை முடித்தாள். கேபிள் முதலாளியிடம் தானே போய்ப் பேசி, சம்பளமும் கமிஷனும் தன் கைக்கு வருகிற மாதிரி செய்தாள். டீக்கடைக் கணக்கைத் தீர்த்து, இனிமேல் இவர் பேரில் எழுதக்கூடாது என்று கடைக்காரரிடம் எல்லோர் முன்னாலும் சொன்னாள். பழைய பிளாஸ்டிக் டப்பாக்களைத் தேய்த்துக் கழுவி, அரிசிக்கு, உளுந்துக்கு, வீட்டுக்கு, கடனுக்கு என்று காசைப் பிரித்து வைத்தாள். கடனில் சின்னதை முதலில் அடைத்தாள். ஒரு வாசலையாவது நிமிர்ந்து கடக்கவேண்டும் என்பது அவள் கணக்கு. தெய்வேந்திரனுக்குப் போகவர ஒரு பழைய சைக்கிளும், மத்தியானச் சோற்றுக்கு டப்பாவும் கிடைத்தன. அவன் எதற்கும் மறுப்புச் சொல்லவில்லை. சொன்னதையெல்லாம் செய்தான்.

ஆனால் மாவு விற்கவில்லை. நாலு தெரு தள்ளியிருந்து வந்தவர்கள் வரவில்லை. தெருக்குழாயில் குடத்தை யாரும் வாங்கவில்லை. கோயிலில் புகைக்கு நடுவே அவளை நிற்கவிட்டு எல்லோரும் வேறு பக்கம் பார்த்தார்கள். அவள் திடமாக நடந்து போவதைப் பார்த்தால் அவர்களுக்கு ஏதோ தங்கள் வீட்டிலிருந்து களவு போன பொருளைத் தெருவில் பார்ப்பது போல இருந்தது. "பொம்பள, நாலு சுவத்துக்குள்ள முடிச்சிருக்கலாம். புருசனை வீடு வீடா இழுத்துக்கிட்டுப் போயி அசிங்கப்படுத்தணுமா?" என்று அரிசிக்கடையில் அவள் காதுபடவே சொன்னார்கள். அவனை அவர்கள் மன்னித்துவிட்டார்கள். அதற்கு ஒரு மழைக்காலம்கூடத் தேவைப்படவில்லை. "செத்துப்போன அண்ணாச்சியே எந்திரிச்சு வந்து என்னையப் பிடிச்சுட்டாரப்பா" என்று அவன் டீக்கடையில் சொல்ல, பெஞ்சே குலுங்கச் சிரித்தார்களாம். நல்ல மனுஷன், கைதான் கொஞ்சம் தாராளம் என்றார்களாம். அவன் டீ வாங்கித் தர முடியாத ஆளாகிவிட்டதால், ஆளுக்கொருவர் அவனுக்கு வாங்கித் தந்தார்கள்.

அவள் வாளிகளைத் தூக்கிக்கொண்டு அவளைத் தெரியாத ஊர்களுக்குப் பஸ் ஏறினாள். பக்கத்து ஊர் மெஸ்ஸில் ஒரு அம்மாள் மாவைத் தொட்டு வாயில் வைத்துப் பார்த்து, "உளுந்து கூடப் போடுறீங்க, கட்டுப்படியாகாது, குறைச்சுக்கங்க. நாளைக்கும் கொண்டாங்க" என்றாள். ஜெயக்கொடி பஸ் நிறுத்தத்தில் நின்று அந்த வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லிப் பார்த்தாள். யாரோ ஒருத்தி, அவளுக்கு என்ன சீக்கு என்று தெரியாத ஒருத்தி, மாவை மட்டும் பார்த்துச் சொன்ன வார்த்தை.

குருவையா இதற்கெல்லாம் பிறகு பேசவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் லேசாகத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மற்ற வீடுகளிலிருந்து அவர் ஒவ்வொன்றாக எழுந்து போய்விட்டார். கடைசியில் தபாலாபீஸ் சந்தில் மட்டும்தான் இருந்தார். மாசி மாதத்தில் ஜெயக்கொடி அங்கம்மாள் கையில் மிச்சத்தைக் கொடுத்தபோது, அங்கம்மாள் அதில் கொஞ்சத்தைத் திருப்பி அவள் கையில் வைத்து, "உனக்குக் குடுத்ததுக்கு வட்டி கிடையாதுன்னு அப்பவே சொன்னாரு" என்றாள். வீட்டுக்கு வந்து பார்த்தால் அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நின்றிருந்தார். கும்பிட்டார். அவளும் கும்பிட்டாள். அவர் இறங்கிப் போவதைச் சந்து முனை வரை பார்த்துவிட்டு உள்ளே வந்தால், வீடு திடீரென்று பெரிதாகிவிட்ட மாதிரி இருந்தது.

அன்றைக்கு ராத்திரிச் சாப்பாட்டில் தெய்வேந்திரன் ரொம்ப நாளைக்குப் பிறகு ரெண்டாம் தடவை சோறு கேட்டான். "எல்லாம் அடைஞ்சுபோச்சு ஜெயா" என்றான். "ஒருத்தருக்கும் பாக்கி இல்ல. இனி பழையபடி நிம்மதியா இருக்கலாம்." அவள் சோற்றைப் போட்டாள். அவன் முகத்தைப் பார்த்தாள். அதில் கள்ளம் ஒன்றும் இல்லை. ஒருத்தருக்கும் பாக்கி இல்லை என்று அவன் உண்மையாகவே நினைத்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் காலையில் அவன் சைக்கிளை எடுத்துக்கொண்டு டீக்கடைக்குப் போனபோது, எதிர் பெஞ்சில் ஜெயக்கொடி உட்கார்ந்திருந்தாள். மாவுக்கறை படிந்த நீலச் சேலை, முழங்கை வரை காய்ந்த மாவு, மடியில் ரெண்டு கையும். அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள். கடைக்காரர் இதையெல்லாம் பார்த்துப் பழகிய மனிதர், ஒரு டீயைப் போட்டு அவள் பக்கத்தில் வைத்தார். பெஞ்சில் இருந்தவர்கள் கொஞ்சம் நகர்ந்து இடம் விட்டார்கள். அன்றைக்குத் தெய்வேந்திரனுக்கு யாரும் டீ வாங்கித் தரவில்லை. அவன் வசூலுக்குப் போன முதல் வீட்டிலும், அடுத்த வீட்டிலும், கூடத்தில் அவள் அவனுக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தாள்.

சந்தில் ஜெயக்கொடி கிரைண்டரிலிருந்து மாவை வழித்துக்கொண்டிருந்தாள். பூரணம் தூக்குவாளியோடு வந்து வாசலில் நின்றாள்.

"அக்கா, இப்பத்தான் உங்களை டீக்கடையில பாத்தேன்."

"ஆமா" என்றாள் ஜெயக்கொடி.

பூரணம் தூக்குவாளியை நீட்டினாள். மாவை வாங்கிக்கொண்டு, காசை ஜன்னல் திட்டில் வைத்துவிட்டுப் போனாள். ஜெயக்கொடி உப்பைப் போட்டுக் கையைவிட்டுக் கலக்கினாள். மாவின் குளிர்ச்சி விரல்களில் ஏறியது. அதே நேரத்தில் தொடைக்கடியில் பெஞ்சுப் பலகையின் சொரசொரப்பும், முகத்தில் பாய்லரின் வெக்கையும் தெரிந்தன. தெய்வேந்திரன் அங்கே சைக்கிளைச் சாத்திவிட்டு அவளுக்குப் பக்கத்தில் வந்து, குரலைத் தாழ்த்தி, "எல்லாந்தான் குடுத்தாச்சே, இன்னும் என்ன தரணும்? சொல்லு, தந்துர்றேன்" என்று கேட்பது அவளுக்கு இங்கேயே கேட்டது.

அவள் கலக்குவதை நிறுத்தி யோசித்துப் பார்த்தாள். பதில் இல்லை. இருந்திருந்தால் சொல்லிவிட்டு எழுந்து வந்திருப்பாள்.